பஞ்சவர்ணம் மீதான தீர்மானம்

மார்ச் 6

குழாயில் இன்றைக்கும் காற்றுதான் வந்தது. மோட்டாரைப் போட்டு இழுத்துப் பார்த்தோம். நாலைந்து குடம் தேறியது, அதற்குள் கரண்ட் போய்விட்டது. மழை பொய்த்ததில் ஊருணி வண்டலாகக் கிடக்கிறது. இந்தக் கோடை எப்படிப் போகுமோ.

மெம்பர் வீட்டுக்குத் தண்ணீர் தானாக வந்துவிடும் என்று தெருவில் நினைக்கிறார்கள். நாலாவது வார்டுக்கு நானாக நிற்கவில்லை. துணைத்தலைவர் துரைச்சிங்கம் அத்தான் வந்து, "நம்ம ஆளு ஒருத்தர் வேணும், இதுல கையெழுத்தப் போடாத்தா" என்றார். போட்டேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அவர் என் வீட்டுக்காரர் நாகமுத்துவுக்குப் பெரியப்பா மகன். அவருடைய தென்னந்தோப்பைத்தான் இவர் குத்தகைக்குப் பார்க்கிறார்.

ஊராட்சித் தலைவர் பதவியை இந்தத் தடவை கீழத்தெருப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டது கவர்மெண்ட். பஞ்சவர்ணத்தை நிறுத்தியதும் அத்தான்தான். அவர் தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தார்.

மார்ச் 9

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம். யூனியன் ஆபீஸிலிருந்து இரண்டு பேரையும் பிளம்பரையும் கூட்டிக்கொண்டு பஞ்சவர்ணம் வந்திருந்தாள். பொதுக்குழாயில் யார் யார் மோட்டார் போட்டிருக்கிறார்களோ அத்தனையையும் கழற்றினார்கள். அத்தான் தோப்புக்குப் போகிற தனிக்குழாயைத்தான் முதலில் அறுத்தார்களாம். அப்புறம் வரிசையாக மேலத்தெரு.

எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, நீங்களே கழட்டிக் குடுத்துட்டா நல்லாருக்கும். மெம்பர் வீடுல்ல" என்றாள். போன மாசமே ஒரு தரம் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனவள்தான். நான் கழற்றி வைத்திருந்தேன், இவர்தான் திரும்ப மாட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ராசாத்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிளம்பர் மோட்டாரைத் தூக்கி வண்டியில் போட்டபோது ஈரம் சொட்டியது.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சட்டம் சட்டம்தான். என்னைப் போய் அக்கா என்றதுகூடப் பரவாயில்லை.

மார்ச் 10

வடகம் போட்டேன். இவர் நேற்றிலிருந்து பேசவில்லை.

மார்ச் 22

பள்ளிக்கூடத்தில் கிராமசபை. நல்ல கூட்டம். வழக்கமாகக் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள், இன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். மேலத்தெருப் பெண்கள் காலிக்குடங்களோடு வந்திருந்தார்கள்.

ராசாத்தி எழுந்து, "மோட்டாரப் புடுங்கிட்டுப் போயிட்டீக. சொட்டுச் சொட்டா வர்ற தண்ணிக்கு விடிய விடிய உக்காரணுமா?" என்று கேட்டாள்.

பதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். பஞ்சவர்ணத்துக்குப் பதமாகப் பேச வராது.

"நீங்க உறிஞ்சுனப்ப கீழத்தெருப் புள்ளைக குடத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் நடந்துச்சே, அன்னைக்கு எங்க போனீக? இப்ப எல்லாத் தெருவுக்கும் சொட்டுது. சொட்டுறதப் புடிங்க."

"தலைவரம்மா, மரியாதையாப் பேசு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மரியாதையாத்தான் பேசுறேன். இது பொதுத் தண்ணி."

அத்தோடு விட்டாளா என்றால் இல்லை. நூறுநாள் வேலையில் மண்வெட்டியைத் தொடாமல் மர நிழலில் படுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இனிமேல் வருகை போட மாட்டேன் என்றாள். அது அவள் தெருக்காரர்களுக்கு. அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்தபோது அவள் பக்கத்தில் கிளார்க் மட்டும்தான் நின்றார், அவரும் சாவிக்காக.

ஏப்ரல் 3

அத்தான் வீட்டில் மெம்பர்களுக்குச் சாப்பாடு. ஆட்டுக்கறி. சாப்பிட்டபின் கலெக்டருக்கு மனு என்று ஒரு தாளை நீட்டினார்கள். தலைவர் தன்னிச்சையாக நடக்கிறார், உறுப்பினர்களைக் கலந்துகொள்வதில்லை, பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று இருந்தது. கீழத்தெரு மெம்பர் காளீஸ்வரியே முதல் கையெழுத்தைப் போட்டிருந்தாள். அவள் மாமியாருக்கு நூறுநாள் வேலையில் வருகை விழவில்லையாம்.

"அவ தெருக்காரியே போட்டுட்டா. அப்புறம் சாதிச் சண்டைன்னு எவனும் சொல்ல முடியாது" என்றார் அத்தான்.

எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். கை கழுவாமல் போட்டதால் தாளில் கொஞ்சம் எண்ணெய் பட்டுவிட்டது.

ஏப்ரல் 20

பஞ்சவர்ணத்துக்கு கலெக்டர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டதாம். அவள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு தாசில்தார் ஊருக்கு வந்து மெம்பர்கள் கருத்தைக் கேட்பாராம்.

மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அம்மா, அந்தம்மா என்னதான் தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டாள். படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, பரீட்சைக்குப் படி என்றேன்.

ஏப்ரல் 27

ஒன்று எழுதி வைக்க வேண்டும். மோட்டார் இல்லாமலே குழாயில் தண்ணீர் வருகிறது. மெதுவாகத்தான். ஆனால் காலையில் பானையை வைத்துவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் திரும்பினால் நிறைந்து வழிகிறது. ராசாத்தி வீட்டிலும் அப்படித்தான். அவள் வெளியில் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

மே 2

மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் பஞ்சவர்ணம் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்வை. உள்ளே கூப்பிட்டிருக்கலாம், வீடு கூட்டாமல் கிடந்தது. வேப்பமரத்தடியில் கல்லில் உட்கார்ந்தாள். காபி போட்டு பேப்பர் கப்பில் கொடுத்தேன். வெளியாட்கள் வந்தால் கழுவுகிற வேலை இல்லை என்று ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

"நீங்க கையெழுத்துப் போட்டதக் கேள்விப்பட்டேன்க்கா" என்றாள்.

"எல்லாரும் போட்டாக."

"தெரியும். அதக் கேக்க வரல. தாசில்தார் வர்ற அன்னைக்குக் கையத் தூக்கித்தான் சொல்லணுமாம். மெம்பரு அந்தோணிசாமி அண்ணனும் எட்டாவது வார்டு பிச்சையும் இப்பத் தூக்க மாட்டேன்னுட்டாக. இன்னும் ஒரு ஆளு தூக்கலைன்னா தீர்மானம் நிக்காது."

"நான் போயி சபையில என்னத்தப் பேசுவேன்."

"பேச வேணாம். சும்மா உக்காந்திருங்க, போதும்."

நான் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"எனக்கு வாயி கூடத்தான். எங்க வீட்டுல எம்புருசனே வையும். கோவம்னா நீங்களும் நாலு வார்த்த வையுங்க, கேட்டுக்கிறேன். ஆனா நான் செஞ்சதுல தப்பு எதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தேன். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியுமா" என்றேன்.

"ஒரே நாள்லயாக்கா மாத்துனேன்? ஒவ்வொரு வீடா எத்தன தடவ வந்து கெஞ்சுனேன்."

அது உண்மைதான். எங்கள் வீட்டுக்கும் வந்தாள்.

"பதவி போனா தேங்கா பொறுக்கத் திரும்பவும் அங்கதான் போகணும். அவரு கூப்புட மாட்டாரு. கூப்புட்டாலும் எப்படிப் போறது, சொல்லுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பயப்படாத. நான் தூக்க மாட்டேன்" என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு காபியைக் குடித்தாள், ஆறிப்போயிருந்தது. கப்பை எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, கையிலேயே பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் அதிரசம் சுட்டேன்.

மே 14

அத்தான் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். தோப்பில் வண்டு விழுந்ததைப் பற்றி இவரோடு பேசிக்கொண்டிருந்தார். கிளம்புகிறபோது, "நாகமுத்து, அடுத்த வருசமும் தோப்ப நீயே பாரு. பங்காளிய விட்டுட்டு வேற ஆளுக்குக் குடுக்கவா போறேன்" என்றார். சொன்னது இவரிடம், பார்த்தது என்னை.

"திங்கக்கிழமை மறந்துறாதத்தா. கையத் தூக்குறது என்ன, காக்கா வெரட்டுற மாதிரிதான்."

அவர் போனபின் இவர் சாப்பிட உட்கார்ந்தார். "பஞ்சவர்ணம் இங்க வந்துச்சாமே" என்றார்.

"வந்தா. சும்மா."

"உன் இஷ்டப்படி செய்யி. நான் ஒண்ணும் சொல்லல."

மறுசோறு வாங்கவில்லை. தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மே 20

மீட்டிங் முடிந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

மே 23

மூன்று நாளாக எழுதவில்லை. தலைவலி. யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் ஃபேன் ஓடவில்லை. தாசில்தார் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே பேசினார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். முதலில் பஞ்சவர்ணத்தைப் பேசச் சொன்னார். அவள் ஊதா நிறத்தில் இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறக்கிறோம், முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னாள். "என்னையப் புடிக்கலைன்னு சொல்லுறாக. புடிக்கலைங்கிறது தப்பில்ல சார். ஆனா அதுக்காகப் பதவிய எடுக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

"எங்கிட்ட அந்த அதிகாரம் இல்லம்மா. நான் கருத்தக் கேட்டு அனுப்புறதோட சரி" என்றார் தாசில்தார்.

பிறகு ஒவ்வொருவரிடமும் என்ன குறை என்று கேட்டார். என் முறை வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அது எங்களை மதிக்காதுங்க சார்" என்றேன்.

"எப்படி மதிக்கலை?"

"தெருவே பார்க்க வாசல்ல வந்து நிக்கும்."

தாசில்தார் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு எழுதிக்கொண்டார். கிளார்க் குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்தோணிசாமி அண்ணன், "என்னம்மா சொல்லுறீக?" என்று கேட்டார். அத்தான் அவரைக் கை காட்டி உட்காரச் சொன்னார்.

தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்கள். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். நான் தூக்கினேன். கொஞ்சம்தான் தூக்கினேன்.

"நல்லாத் தூக்குங்கம்மா, எண்ண வேணாமா" என்றார் தாசில்தார்.

நல்லாத் தூக்கினேன்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூன் 18

உத்தரவு வந்துவிட்டது. தலைவர் பதவியிலிருந்து நீக்கம். துணைத்தலைவர் பொறுப்பில் இருப்பார். கோயில் முன்னால் வெடி போட்டார்கள். ராசாத்தி லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டிக்கடையில் நின்ற கீழத்தெரு ஆட்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆபீஸில் தலைவர் நாற்காலியை மாற்றிவிட்டார் அத்தான். பழையதற்குக் கால் ஆடுகிறதாம். தரையையும் நன்றாகக் கழுவிவிட்டிருந்தார்கள். எப்படியும் கழுவ வேண்டிய தரைதான்.

மகளிடம் போனில் சொன்னேன். "நீ எந்தப் பக்கம்மா ஓட்டுப் போட்ட?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 8

மோட்டார்களெல்லாம் திரும்ப வந்துவிட்டன. எங்களுடையதையும் இவர் போய் எடுத்துவந்து மாட்டினார். அதற்குள் துருப்பிடித்திருந்தது.

கீழத்தெருவில் தண்ணீர் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறதாம். அங்கே மஞ்சள்காமாலை என்றும் பேச்சு. ஊருணி வண்டலில் தேங்கின தண்ணீரை அள்ளிக் குடித்திருக்கிறார்கள். காளீஸ்வரியின் சின்னப் பையனை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. பார்க்கப் போகலாமா என்று நினைத்தேன். இவர்தான் ஒட்டிக்கொள்ளும் என்றார்.

ஜூலை 15

காளீஸ்வரியின் பையன் போய்விட்டான். ஒண்ணாம் வகுப்பு.

ஜூலை 17

மெம்பர்களெல்லாம் சேர்ந்து போய்ப் பையன் படத்துக்கு மாலை போட்டோம். காளீஸ்வரி தரையில் கிடந்தாள். யாரையும் ஏசவில்லை. பஞ்சவர்ணம் அங்கே இருந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள், தன் வீட்டுச் சாவு போல. என் முன்னாலும் டம்ளரை நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். எனக்குக் காபி ஒத்துக்கொள்வதில்லை.

அத்தான் அரசாங்கத்தில் உதவி வாங்கித் தருவதாகச் சொன்னார். அவருக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

ஜூலை 30

எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றுவிட்டது. தோப்புக்குப் போகிற குழாயில் பெரிய மோட்டாராக மாட்டிவிட்டார் அத்தான். அது ஓடுகிறபோது எங்கள் மோட்டார் சும்மா உறுமுகிறது.

போய்ச் சொன்னேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்போம்த்தா. மழை பெய்யட்டும்."

"கீழத்தெருவுல ஒரு புள்ள போயிருச்சு அத்தான்."

"அது ஊருணித் தண்ணி. அதுக்கு யாரு என்ன செய்ய?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "உனக்கு எங்கயிருந்து இந்தப் பேச்செல்லாம் வருது? நாகமுத்துவ வரச் சொல்லு" என்றார்.

நான் இவரிடம் சொல்லவில்லை. அவரே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வீட்டில் ஒரு தட்டு உடைந்தது.

ஆகஸ்ட் 11

மகளுக்கு ஜாக்கெட் துணி எடுக்க டவுனுக்குக் கிளம்பினேன். காலைப் பஸ். ஏறியபிறகுதான் பார்த்தேன், காலியாக இருந்த ஒரே இடம் பஞ்சவர்ணத்தின் பக்கத்தில். நின்றுகொண்டே போகலாம் என்று கம்பியைப் பிடித்தேன். அவள் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கண்டக்டர், "எடம் கெடக்கு, உக்காருங்கம்மா" என்று சத்தம் போட்டான். உட்கார்ந்தேன்.

அவள் கை காய்த்துப் போயிருந்தது. செங்கல் சூளைக்குப் போகிறாளாம், பக்கத்து ஊரில்.

"மதுரைக்குப் போறேன். ஐகோர்ட்டுல கேஸ் போட்டிருக்கு" என்றாள்.

"செயிச்சிருவியா?"

"செயிக்கிறதுக்குள்ள எலெக்சனே வந்துரும்னாரு வக்கீலு. திரும்ப நாற்காலியில உக்கார முடியாது. ஆனா எம்பேருல தப்பில்லைன்னு ஒரு தாளாவது வேணும்ல. ஊருக்குள்ள எம்புள்ளைக நடக்கணும்."

ரோட்டோரம் சீமைக்கருவேலமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்ட மெம்பருல யாராவது ஒருத்தரு, மிரட்டித்தான் கை தூக்கச் சொன்னாகன்னு எழுதிக் குடுத்தாக் கேஸ் நிக்குமாம். காளீஸ்வரி தர்றேன்னுச்சு. அதுக்கு இப்ப நெனவே சரியில்ல. கோர்ட்டுல நிக்காது." என் பக்கம் திரும்பினாள். "நீங்க குடுப்பீகளா?"

என்னை யாரும் மிரட்டவில்லை என்று சொல்ல வந்தேன். அதுவும் உண்மைதானே. அத்தான் தோப்பைப் பற்றித்தான் பேசினார். இவர் உன் இஷ்டம் என்றார். யார் மிரட்டினார்கள் என்று எழுதுவது?

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமோ கெஞ்சலோ இல்லை. டிக்கெட்டுக்கு மீதிச் சில்லறையை எதிர்பார்க்கிறவளைப் போலத்தான் பார்த்தாள்.

"என் ஸ்டாப் வந்துருச்சு" என்றேன்.

அது புளியங்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு. அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது, அவளுக்கும் அது தெரியும். முட்டியை ஒதுக்கி வழிவிட்டாள். "பாத்து எறங்குங்க" என்றாள்.

அங்கே ஒரு கடைகூட இல்லை. வெயிலில் நின்றேன். திரும்பி வருகிற பஸ் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. துணி எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் கேட்டதற்கு நல்ல கலர் கிடைக்கவில்லை என்றேன்.

இனிமேல் அந்தப் பஸ்ஸில் போவதாக இல்லை. பத்து மணிக்கு ஷேர் ஆட்டோ வருகிறது.